வரைபடத்தில் உளுந்து, வயலில் உளுந்து

ஜனவரி பிறந்துவிட்டால் ரங்கூன் பயின்னவுங் சந்தையில் எந்தக் கடை முன்னால் நின்றாலும் காதில் விழும் கேள்வி ஒன்றுதான்: பெகுப் பக்கம் இந்த வருஷம் உளுந்து எவ்வளவு? பர்மாக்காரர் 'மாட்பே' என்று கேட்பார், நம்மவர் உளுந்து என்று கேட்பார். நெல் அறுத்த ஈரத்திலேயே விதைத்த செடி அப்போதுதான் பூவும் பிஞ்சுமாக நிற்கும். மூட்டை சந்தைக்கு வர இன்னும் நாள் இருக்கிறது. விலை அதுவரை காத்திருக்குமா? சென்னையிலிருந்து போன் மேல் போன். 2021-இல் இந்தியாவும் மியான்மரும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, 2021-22 தொடங்கி ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுதோறும் 2,50,000 டன் உளுந்தும் 1,00,000 டன் துவரையும் இங்கிருந்து போகலாம் என்று முடிவானது. அதனால் விளைச்சலை முன்கூட்டியே மோப்பம் பிடிப்பவருக்கு அது காசு.

என் பெரியப்பா அந்தச் சந்தையில் தரகர். இட்லிக்குப் போகும் எஸ்.க்யூ ரகத்தையும் சாதாரண எஃப்.ஏ.க்யூ ரகத்தையும் கையில் அள்ளிப் பார்த்தே பிரித்துவிடுவார். நான் செய்வது வேறு வேலை. செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கணினியில் நிலத்தை வகைப்படுத்துகிறேன்: இது நெல், இது பயறு, இது தோட்டம், இது தண்ணீர். ஒருநாள் பெகு வட்டாரத்தின் ஒரு லட்சம் ஏக்கருக்கு நான் போட்ட வரைபடத்தை அவரிடம் காட்டினேன். ஓரத்தில் 'துல்லியம் 90 விழுக்காடு' என்று இருந்தது.

"தொண்ணூறா? அப்ப நீ உளுந்துன்னு காட்டுற நூறு ஏக்கர்ல தொண்ணூறு ஏக்கர் நெசமாவே உளுந்துதானே?"

"இல்ல பெரியப்பா."

"பின்ன எதுக்குடா தொண்ணூறுன்னு எழுதியிருக்க?"

அவர் கேட்டது நியாயம்தான். வரைபடம் போடுகிறவர்களில் பலரே இந்தக் கேள்வியைக் கண்டும் காணாமல் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

முதலில் கணினி என்ன செய்கிறது என்பதைப் பார்த்துவிடலாம். ஐரோப்பியர்களின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் 2015 முதல் பறக்கின்றன. ஒரே இடத்தை ஏறத்தாழ ஐந்து நாளுக்கு ஒருமுறை படமெடுக்கும் இரட்டை அவை. அவற்றின் கூர்மையான அலைவரிசைகளில் ஒரு பிக்சல் என்பது தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பையும் சேர்த்து 13 அலைவரிசைகளில் வெளிச்சத்தை அளக்கின்றன. இலையின் உயிர்ப்பும் ஈரமும் அந்த எண்களில் தெரியும். இன்ன எண்களெல்லாம் உளுந்து, இன்னவை நெல் என்று சில நூறு வயல்களை எடுத்துக்காட்டாகக் கொடுத்துவிட்டால் போதும், மிச்சமுள்ள லட்சக்கணக்கான பிக்சல்களுக்குக் கணினியே பெயர் சூட்டிவிடும். அது பார்ப்பதெல்லாம் எண்களின் சாயல். செடியை அது ஒருநாளும் பார்த்ததில்லை.

பெயர் சூட்டிய பிறகுதான் சோதனை. வரைபடத்தின் மேல் சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி சில புள்ளிகளைப் பொறுக்கி, ஒவ்வொன்றிலும் உண்மையில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். கணினி சொன்னதை ஒரு பக்கமும் தரையில் கண்டதை மறுபக்கமும் எழுதினால் ஒரு கட்டம் கிடைக்கும். பிழை அணி என்பது அதைத்தான். எந்தப் பயிரை எதுவாக நினைத்து ஏமாந்தோம் என்பதெல்லாம் அந்தக் கட்டத்தில் இருக்கும். ஒற்றை விழுக்காடு என்பது அந்தக் கட்டத்தைக் கசக்கிப் பிழிந்தபின் மிஞ்சும் சக்கை.

பெரியப்பாவிடம் காட்டிய வரைபடத்தையே எடுத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்க எண்களை முழு எண்களாக்கிவிடுகிறேன். ஒரு லட்சம் ஏக்கரில் 20,000 ஏக்கரைக் கணினி உளுந்து என்றது. மிச்சம் 80,000 ஏக்கர் 'உளுந்து அல்லாதவை'. உளுந்து நிறத்தில் 100 புள்ளிகளைச் சோதித்தால் 70-இல் உளுந்து இருந்தது, 30-இல் வேறு ஏதோ. மற்ற நிறத்தில் 200 புள்ளிகள் பார்த்ததில் 190 சரி, 10-இல் மட்டும் கணினி தவறவிட்ட உளுந்து.

இப்போது ஒட்டுமொத்தத் துல்லியம் என்ன? பரப்பில் ஐந்தில் ஒரு பங்கான உளுந்து நிறத்தில் 70 விழுக்காடு சரி, ஐந்தில் நான்கு பங்கான மற்ற நிறத்தில் 95 விழுக்காடு சரி. அந்தந்தப் பங்கால் பெருக்கிக் கூட்டினால் 90. நான் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தொண்ணூறைத் தூக்கி நிறுத்தியிருப்பது உளுந்து இல்லாத நிலம். பெரியப்பாவுக்கு வேண்டிய பதில் 70: உளுந்து என்று காட்டிய இடத்துக்கு நம்பிப் போனால் பத்துக்கு ஏழு தடவைதான் உளுந்து இருக்கும். பயனர் துல்லியம் என்று இதைச் சொல்வார்கள். வரைபடத்தைப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போகிறவருடைய துல்லியம்.

மறுபக்கமும் ஒரு கேள்வி உண்டு. வயலில் உண்மையாக இருக்கும் உளுந்தில் எவ்வளவை வரைபடம் பிடித்தது? உளுந்து நிறத்தில் நிஜ உளுந்து 14,000 ஏக்கர். மற்ற நிறத்தில் ஒளிந்திருப்பது வெறும் 5 விழுக்காடுதான், ஆனால் 80,000 ஏக்கரில் 5 விழுக்காடு என்றால் 4,000 ஏக்கர். ஆக மொத்த உளுந்து 18,000, பிடிபட்டது 14,000, அதாவது 78 விழுக்காடு. தயாரிப்பாளர் துல்லியம் என்பது இது. பெரிய நிறத்தில் விழுந்த சின்ன ஓட்டை எவ்வளவு தானியத்தை ஒழுகவிடுகிறது பாருங்கள்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பரப்பின் பங்கை மறந்துவிட்டு, புள்ளிகளை மட்டும் எண்ணினால் சோதித்த புள்ளிகளில் உளுந்து 80, பிடிபட்டது 70, ஆகவே 87.5 விழுக்காடு என்று வரும். உண்மையோ 78. கட்டம் அதுதான், புள்ளிகளும் அவைதான், கூட்டிய விதம் மட்டும் வேறு. அறிக்கைகளில் இந்தப் பிழையை நான் பார்த்த அளவுக்கு வேறு எதையும் பார்த்ததில்லை. (என் பழைய அறிக்கை ஒன்றிலும் இருக்கிறது. யாரும் கேட்காததால் பிழைத்தேன்.)

ஒட்டுமொத்த எண் எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு ஒரு குறுக்குவழியும் உண்டு. வட்டாரத்தில் 2 விழுக்காடு நிலத்தில்தான் எள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எள்ளே இல்லை என்று ஒரே நிறத்தைப் பூசிவிட்டால் துல்லியம் 98 விழுக்காடு. வேலையும் மிச்சம்.

இனி அந்த 30 புள்ளிகளுக்கு வருவோம். உளுந்து என்று கணினி சொல்லி, உளுந்தாக இல்லாதவை. 2020 தை மாதம் பெகுவுக்கு அப்பால் அவற்றில் சிலவற்றை நேரிலேயே போய்ப் பார்த்தேன். தமிழ்க் குடும்பங்கள் வயல் வைத்திருக்கும் ஊர் அது. ஒரு புள்ளியில் போய் நின்றேன். கைப்பேசியில் உளுந்து நிறம். முழங்காலுக்குக் கீழே பச்சைப்பசேலென்று செடி, மஞ்சள் பூ, மூவிலைக் கூட்டம். உளுந்து என்று குறித்துக்கொள்ளப் போனேன். வரப்பில் உட்கார்ந்திருந்த பாட்டி சிரித்தார்.

"உளுந்து அந்தக் கரையில தம்பி. இது பாசிப்பயறு. குனிஞ்சு காயப் பாரு."

குனிந்து பார்த்தேன். காய்கள் மெலிந்து நீண்டு, கொத்திலிருந்து விலகித் தொங்கின. அந்தக் கரைக்குக் கூட்டிப்போய் ஒரு உளுந்துக் காயைத் தொடச் சொன்னார். குட்டையாக, நிமிர்ந்து, சொரசொரவென்று ரோமத்தோடு இருந்தது. பூவின் நிறம் இரண்டிலும் மஞ்சள்தான். இலையின் மேல்பரப்பை மட்டும் 786 கிலோமீட்டர் உயரத்திலிருந்து பார்க்கும் கருவிக்கு இந்த ரோமம் தெரிய வழியே இல்லை. பாசிப்பயறு சில நாள் முந்தி முற்றும் என்பதால் ஒரே நாள் படத்தை விட்டுவிட்டு டிசம்பர் முதல் மார்ச் வரை வரிசையாகப் படங்களைப் பார்த்தால் கொஞ்சம் பிரிக்கலாம். அதிர்ஷ்டவசமாக இங்கே பயறுக் காலம் வானம் வெளுத்த காலம். மழை நெல்லுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நாற்று நடும் ஜூன், ஜூலையில் வாரக்கணக்கில் மேகம். தப்பித்தவறி ஒரு படம் கிடைத்தாலும் நடவு வயல் கணினிக்குக் குளமாகத் தெரியும். மேகத்தை ஊடுருவும் ரேடார் செயற்கைக்கோள்களை நெல்லுக்குத் தேடுவது அதனால்தான்.

அடுத்த தொல்லை வரப்பு. ஒரு ஏக்கர் வயல் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் ஏறத்தாழ 64 மீட்டர். பத்து மீட்டர் பிக்சல்கள் ஆறுக்கு ஆறு, மொத்தம் 36. அதில் ஓரத்தைச் சுற்றியவை 20. பாதிக்கு மேல் பிக்சல்கள் வரப்பையும் பக்கத்து வயலையும் கொஞ்சம் நக்கிக்கொண்டுதான் நிற்கும். பழைய லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களில் பிக்சல் 30 மீட்டர் என்பதால் அந்த ஏக்கருக்கு நாலரைப் பிக்சல்தான் தேறும். அதோடு கைப்பேசியின் ஜி.பி.எஸ் சில மீட்டர் இப்படியும் அப்படியும் ஆடும். அந்தப் பாட்டியின் வரப்பில் நான் நின்றபோது என் வலது கால் உளுந்திலும் இடது கால் பாசிப்பயறிலும் இருந்தது. புள்ளி எந்தக் காலுக்குக் கீழே என்று கைப்பேசிக்கே தெரியவில்லை. இப்படிப்பட்ட புள்ளியில் கணினிக்குத் தவறு போட்டால், யார் செய்த தவறை யார் தலையில் கட்டுகிறோம்?

சோதனைக்காரரும் தப்பு செய்வார் என்பது இந்தத் துறையில் மெல்லிய குரலில் பேசப்படும் சங்கதி. தரைக்குப் போகாமல், கூர்மையான செயற்கைக்கோள் படங்களை மேசையில் விரித்துக் கண்ணால் பார்த்து 'உண்மை'யைக் குறிப்பது வழக்கமாகிவிட்டது. மரமா, வீடா, குளமா என்றால் அது சரிப்படும். உளுந்தா, பாசிப்பயறா என்றால் மேசையில் உட்கார்ந்திருப்பவர் கணினியைவிடப் பெரிய ஞானி இல்லை. 2021-க்குப் பிறகு பல ஊர்களுக்கு நினைத்தபோது போய்வர முடியாமல் போனதால் மேசைக் கண்ணை நம்புவது இன்னும் கூடிவிட்டது. போக முடிந்த காலத்திலும் நாங்கள் பெரும்பாலும் போனது தார் ரோட்டோரம். ரோட்டோர வயலுக்குத் தண்ணீர் வசதி வேறு, வியாபாரி வருகை வேறு, பயிர்த் தேர்வும் வேறு. அங்கே எடுத்த 90, உள்ளே பத்து மைல் தள்ளிச் செல்லுபடியாகும் என்று எந்தக் கணக்கும் சொல்லவில்லை. இதைவிட மோசமானது, கணினிக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த அதே வயல்களிலிருந்தோ அவற்றுக்கு ஒட்டிய வயல்களிலிருந்தோ சோதனைப் புள்ளி எடுப்பது. பரீட்சைத் தாளை முதல்நாளே கையில் கொடுத்துவிட்டு மார்க் போடுவதுபோல.

உலகம் முழுவதற்குமான வரைபடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றனவே, அவற்றை எடுத்துக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். ஐரோப்பிய விண்வெளி முகமையின் வேர்ல்ட்கவர், 10 மீட்டர் அளவில் 11 வகைகள் கொண்டது. 2020-க்கான பதிப்பின் துல்லியம் 74.4 விழுக்காடு என்றும் 2021-க்கானது 76.7 என்றும் அவர்களே வெளிப்படையாகச் சொன்னார்கள். இந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். ஆனால் அதில் நெல்லும் உளுந்தும் எல்லாம் 'பயிர் நிலம்' என்ற ஒரே நிறம். பெரியப்பாவுக்கு அது எதற்கு?

அந்த வரைபடங்களில் எது சிறந்தது என்ற போட்டி இன்னும் சுவாரசியம். 2022-இல் வெளிவந்த ஓர் ஒப்பீட்டில் எஸ்ரி என்ற வரைபட மென்பொருள் நிறுவனத்தின் வரைபடம் 75, கூகுளின் டைனமிக் வேர்ல்ட் 72, வேர்ல்ட்கவர் 65 விழுக்காடு வாங்கின. அங்கே நடுவராக இருந்தது 250 சதுர மீட்டர் அளவில் குறிக்கப்பட்ட உலகளாவிய சோதனைத் தரவு. அதே ஆய்வாளர்கள் ஐரோப்பாவில் தரைக்கே போய் எடுத்த, 100 சதுர மீட்டருக்கும் நுணுக்கமான தரவை நடுவராக வைத்தபோது வரிசை தலைகீழானது: வேர்ல்ட்கவர் 71, டைனமிக் வேர்ல்ட் 66, எஸ்ரி 63. வரைபடங்கள் மூன்றிலும் ஒரு பிக்சல்கூட மாறவில்லை. அளந்த முழக்கோல் மாறியது. பெரிய துண்டாகப் பார்த்தால் வழவழப்பாகப் பூசிய வரைபடம் ஜெயிக்கும், சின்னத் துண்டாகப் பார்த்தால் வரப்பையும் ஒற்றை மரத்தையும் விடாமல் குறித்தது ஜெயிக்கும். நம்முடைய ஒரு ஏக்கர் வயல்களுக்கு எந்த முழக்கோல் பொருந்தும் என்பதை நாம்தான் முடிவுசெய்ய வேண்டும்.

வகைகளின் பெயரிலேயே சிக்கல் இருப்பதும் உண்டு. தெற்கே மோன் மாநிலத்தில் மோல்மீன், முடோன் பக்கம் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் ரப்பர்த் தோட்டம். அது காடா? ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பின் வரையறையில் ரப்பர்த் தோட்டம் காட்டுக் கணக்கில் சேரும். எண்ணெய்ப்பனை சேராது, பழத்தோட்டமும் சேராது. ஐந்து மீட்டருக்கு மேல் வளர்ந்தால் மரப்போர்வை என்று கணக்கிடும் வரைபடங்களில் எல்லாமே ஒரே பச்சை. இயற்கைக் காட்டை வெட்டி ரப்பர் வைத்து அது வளர்ந்துவிட்டால், ஒரு வரைபடத்தில் காடு திரும்பி வந்துவிட்டது, இன்னொன்றில் போனது போனதுதான். இரண்டும் தத்தம் வரையறைப்படி 95 விழுக்காடு துல்லியமாகக்கூட இருக்கலாம். ரப்பர் மரம் கோடைக்கு முன் சில வாரம் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும் என்பது பால் வெட்டுகிறவர் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அந்த வாரங்களின் படங்களை வைத்து அதைப் பசுமைமாறாக் காட்டிலிருந்து பிரித்துவிடலாம். பிரிக்கலாம் என்பது வேறு, பிரிக்க வேண்டும் என்று வரையறை சொல்வது வேறு.

85 விழுக்காடு வந்தால் தேர்ச்சி என்று ஒரு வழக்கம் உண்டு. அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறைக்காக ஆண்டர்சனும் கூட்டாளிகளும் 1976-இல் எழுதிய வகைப்பாட்டு நெறியில் இருந்து வந்த எண் அது. அவர்களுடைய நிலம் வேறு, தேவை வேறு. அரை நூற்றாண்டாக அதை வேதவாக்காகத் தூக்கித் திரிவதில் அர்த்தமில்லை. அதேபோல 'கப்பா' என்றொரு குறியீட்டெண்ணும் பல அறிக்கைகளில் இன்னும் வரும். தற்செயலாகச் சரியானதைக் கழித்துவிட்டுச் சொல்கிறேன் என்பது அதன் வாதம். அது புதிதாக எதையும் சொல்வதில்லை, விட்டுவிடுங்கள் என்று பான்டியஸும் மில்லோன்ஸும் 2011-இல் எழுதினார்கள். நானும் விட்டுவிட்டேன்.

பெரியப்பாவுக்கு வேண்டியது ஒரு விழுக்காடே அல்ல, ஏக்கர். கணினி உளுந்து என்ற பிக்சல்களை எண்ணினால் 20,000 ஏக்கர். அப்படியே சொல்லிவிடுகிறவர்கள்தான் அதிகம். பிழை அணியைக் கொண்டு திருத்தினால் 18,000 என்று மேலே பார்த்தோம். அந்தப் பதினெட்டாயிரமும் 300 புள்ளிகளை வைத்துச் சொன்னது, ஆகவே அதற்கும் ஓர் ஊசலாட்டம் உண்டு. ஒலோஃப்சனும் சகாக்களும் 2014-இல் எழுதிய வழிகாட்டி காட்டும் முறையில் கணக்குப் போட்டால், 95 விழுக்காடு நம்பிக்கையோடு சொல்லக்கூடியது 18,000-க்கு ஏறத்தாழ 3,000 கூடவோ குறையவோ. பதினைந்தாயிரத்திலிருந்து இருபத்தோராயிரம் வரை. பிக்சலை எண்ணிக் கிடைத்த இருபதாயிரம் இந்த எல்லைக்குள் வந்துவிழுந்தது நம் அதிர்ஷ்டம்.

இதைச் சொன்னதும் பெரியப்பா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"மூவாயிரம் ஏக்கர் முன்னப்பின்னன்னா எத்தனை கன்டெய்னர் தெரியுமா? இதை எப்படிக் கொறைக்கிறது?"

ஊசலாட்டத்தைப் பாதியாக்க நாலு மடங்கு புள்ளி வேண்டும், 1,200. அவ்வளவு அலைய ஆளில்லை. ஆனால் புள்ளிகளை எங்கே போடுகிறோம் என்பதில் கொஞ்சம் புத்தி காட்டலாம். இந்தக் கணக்கில் ஊசலாட்டத்தின் பெரும்பங்கு உளுந்து நிறத்திலிருந்து வரவில்லை, அந்த 80,000 ஏக்கர் 'மற்றவை'யிலிருந்து வருகிறது. அதை இரண்டாகப் பிரித்து, ஊர், ஆறு, தோப்பு என்று உளுந்து இருக்கவே முடியாததை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, நெல் தாளும் பாசிப்பயறும் பச்சை பூத்த தரிசும் கலந்து கிடக்கும் மிச்சத்தில் புள்ளிகளைக் குவித்தால், அதே 300 புள்ளியில் எல்லை நன்றாகச் சுருங்கும்.

"அதுக்கென்ன, நம்ம ஆளுங்க வாங்குற ஊர் பட்டியல் தரேன். அங்கயே போய்ப் பாத்துட்டு வந்துடு. சாப்பாடும் கெடைக்கும்."

அங்கே போனால் உளுந்துதான் இருக்கும் பெரியப்பா, அதனால்தானே உங்கள் ஆட்கள் அங்கே வாங்குகிறார்கள் என்றேன். கணினியைத் திறந்து, புதிதாகப் பிரித்த நிறத்தில் சீட்டுக் குலுக்கி விழுந்த முதல் பத்துப் புள்ளிகளைக் காட்டினேன். பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஆறாவது புள்ளியில் விரலை வைத்தார்.

"இந்த ஊருக்கு ரோடே கிடையாதேடா. சம்பான்லதான் போகணும்."

எந்தத் துறையில் சம்பான் ஏற வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்.